ஊசி போடுகிறவள் பிரசவம் பார்க்க வேண்டுமென்றால்...

இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்றை மேலே எடுத்து வைத்தேன். சேலம் பக்கத்துச் சிறு ஊரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 27. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. ப்ளஸ் டூ முடித்து, ஊரிலேயே ஒரு தனியார் நிறுவனத்தில் ஒரு வருட 'நர்ஸிங்' படிப்பு படித்து சர்டிபிகேட் வாங்கியவர். எட்டு வருடமாக ஒரு நர்ஸிங் ஹோமில் வேலை. ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, பி.பி. பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, எல்லாம் அத்துப்படியாம்.

"அம்மா, எனக்கு லேபர் வார்டு டியூட்டி போட்டால் மட்டும் வீட்டுக்குப் போகவே மனசு வராது. எத்தனையோ பேர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வலி தாங்கியிருக்காங்க. நானே முறையா பிரசவம் பார்க்கிற நர்ஸா ஆகணும்னு ஆசை. எங்க அத்தை, 'இருக்கிற வேலையே போதும், மருத்துவச்சி வேலைக்கா படிக்கப் போறே'ன்னு கேக்கறாங்க. வழி இருக்கா? வயசு தாண்டிடுச்சா?" என்று முடித்திருக்கிறார்.

வழி இருக்கிறது சகோதரி. வயசும் தாண்டவில்லை. ஆனால் முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு வருட சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் நீங்கள் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. அது உதவியாளர் வேலைக்கான படிப்பு. எட்டு வருட அனுபவம் உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஆதாயம்தான், காகிதத்தில் அது ஏறாது.

இதை எழுத எனக்கே சங்கடமாக இருக்கிறது. வருடா வருடம் மே, ஜூன் மாதத்தில் பஸ் ஸ்டாண்டு சுவர்களைப் பாருங்களேன்... 'ஒரே வருடத்தில் நர்ஸ், நூறு சதவிகிதம் வேலை உத்தரவாதம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். வேலை கிடைக்கும், பொய் இல்லை. வெள்ளை உடுப்பும் கிடைக்கும். 'சிஸ்டர்' என்றும் கூப்பிடுவார்கள். கவுன்சில் பதிவு எண் மட்டும் கிடைக்காது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிற பெற்றோர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆகவே பெண்ணை நர்ஸிங் சேர்க்க நினைக்கும் அம்மாக்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு நர்ஸுகள், மிட்வைஃபுகள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எவை என்று கவுன்சிலே பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

இந்தப் பதிவு முறை நேற்று வந்ததல்ல. மதராஸ் மாகாணத்தில் நர்ஸுகளுக்கும் மிட்வைஃபுகளுக்கும் சேர்த்துச் சட்டம் வந்தது 1926-ல். அதற்கு முன்பே, 1854-ல், மதராஸில் மிட்வைஃபுகளுக்கென்று பயிற்சிப் பள்ளிக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்திருக்கிறது. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் ஆரம்பித்தது. நம் ஊரில் பிரசவம் பார்ப்பது என்பது அத்தனை காலமாக ஒரு படிப்பு. அத்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அத்தை சொன்னதிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. கிராமத்தில் அந்தக் காலத்தில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண்கள். வலி எடுத்தால் நடு ராத்திரியில் ஓடிப்போய் அவர்களைக் கூப்பிடுவார்கள். குழந்தை பிறந்ததும் ஒரு படி அரிசி, ஒரு பழைய புடவை கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுவார்கள். உயிரைக் காப்பாற்றியவளுக்குத் திண்ணையில்கூட இடமில்லை. அந்த மனோபாவம்தான் 'மருத்துவச்சி வேலை' என்று மூக்கைச் சுளிக்க வைக்கிறது.

என் வீட்டிலும் சுளித்தார்கள். 1979-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஏ.என்.எம். படிப்பில் சேர்ந்தேன். அப்போது அது பதினெட்டு மாதப் படிப்பு. பயிற்சி முடிந்து ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் கிராம மையத்தில் வேலை. ஒரு தோல் பை, அதற்குள் கத்தரிக்கோல், தொப்புள்கொடி கட்ட வேகவைத்த நூல், குழந்தையை நிறுக்க ஸ்பிரிங் தராசு, புனல் மாதிரி ஒரு ஃபீட்டோஸ்கோப். கர்ப்பிணியின் வயிற்றில் புனலை வைத்து, மறுமுனையில் காதை வைத்தால் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்கும். நிமிடத்துக்கு 110-லிருந்து 160 வரை இருக்க வேண்டும். இப்போது டாப்ளர் வந்துவிட்டது, பட்டனை அமுக்கினால் வீடு பூராவும் கேட்கிறது. இருந்தாலும் அந்தப் புனலில் முதல் முறை கேட்ட சத்தம் மாதிரி வராது, போங்கள்.

அந்த ஊரில் ஒரு வயதான மருத்துவச்சி இருந்தார். நான் போனதும் அவருக்குப் பிழைப்பு போய்விடுமோ என்று பயம். எனக்கோ பதினெட்டு மாதம் படித்த மிடுக்கு. ஆறு மாதத்தில் சிநேகிதமாகிவிட்டோம். துருப்பிடித்த அரிவாளால் கொடியை வெட்டுவதையும், வெட்டின இடத்தில் சாம்பல் பூசுவதையும் அவர் என்னால் விட்டார். அந்த அரிவாளும் சாம்பலும் எத்தனை குழந்தைகளை ஏழாம் நாள், எட்டாம் நாள் ஜன்னியில் கொண்டுபோயின என்று கணக்கே கிடையாது. (பச்சைக் குழந்தைகளுக்கு வரும் அந்த ரண ஜன்னியை நம் நாடு ஒழித்துவிட்டதென்று 2015-ல்தான் உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. தடுப்பூசியும், சுத்தமான பிளேடும், சுத்தமான நூலும் செய்த வேலை அது.) அவரிடமிருந்து நான் கற்றது காத்திருப்பது. முதல் பிரசவக்காரி கத்துகிறாள், சுற்றி நாலு பேர் 'முக்கு, முக்கு' என்று படுத்துகிறார்கள். அந்தப் பாட்டி எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, பெண்ணின் முதுகைத் தேய்த்தபடி உட்கார்ந்துவிடுவார். "அதுக்கு வழி தெரியும் தாயி, நாம தள்ளி விட வேண்டாம்" என்பார். இதே விஷயத்தை இன்றைக்குப் பெரிய பெரிய புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள்.

நர்ஸ் வேலைக்கும் பிரசவம் பார்ப்பதற்கும் வித்தியாசம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வார்டில் நீங்கள் பார்ப்பவர் நோயாளி. டாக்டர் எழுதியதை நேரம் தவறாமல், அளவு தவறாமல் கொடுப்பது உங்கள் கடமை. அதைச் செய்தே பழகிய கை சும்மா இருக்காது. பிரசவ அறையில் படுத்திருப்பவளோ நோயாளியே இல்லை. பத்துப் பெண்களில் அநேகம் பேருக்கு நீங்கள் செய்ய வேண்டியது பக்கத்தில் இருப்பது, தண்ணீர் கொடுப்பது, எழுந்து நடக்கச் சொல்வது, வயிற்றில் கை வைத்து வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது, துடிப்பைக் கேட்பது, எழுதி வைப்பது. இவ்வளவுதான். ஆனால் மிச்சம் இருக்கும் ஒருத்திக்கு நிலைமை மாறுகிறபோது, அதை எல்லோருக்கும் முன்னால் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். நாள் பூராவும் சும்மா இருப்பது போல் இருந்துவிட்டு ஒரு நிமிடத்தில் பாய வேண்டும். ஊசி போடுவதை எட்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். இந்த நிதானத்துக்கு வருடக் கணக்காகும்.

ஒரு ராத்திரி ஞாபகம் வருகிறது. அப்போது நான் ஜி.என்.எம். கடைசி வருட மாணவி. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மூன்றாவது பிரசவத்துக்கு வந்த ஒரு தாய். ஒரு சிரமமும் இல்லை, வந்த அரை மணியில் குழந்தை பிறந்துவிட்டது. இரண்டும் பெண்ணாக இருந்த வீட்டில் ஆண் குழந்தை. வெளியே மாமியார் கற்கண்டை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார். அறையில் இருந்த நாங்கள் மூன்று மாணவிகளும் குழந்தையைச் சுற்றி நின்று கொஞ்சிக்கொண்டிருந்தோம். எங்கள் சிஸ்டர் மட்டும் அந்தத் தாயின் அடியில் விரித்திருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளையைப் பார்க்க ஊரே வெளியே நிக்குது. நீங்க அம்மாவைப் பாருங்கடி" என்றவர், நஞ்சு விழுந்த வயிற்றில் கையை வைத்தார். கல் மாதிரி இறுகியிருக்க வேண்டிய கர்ப்பப்பை பிசைந்த மாவு மாதிரி இருந்தது. துணி நனைந்து கட்டிலிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது சகோதரிகளே, யோசித்துப் பாருங்கள். சிஸ்டர் வயிற்றுக்கு மேலேயே கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை சொன்னார். ஒருத்தி மெத்தர்ஜின் ஊசி, ஒருத்தி டிரிப், நான் டாக்டரைக் கூப்பிட ஓட்டம். குரல் உயரவே இல்லை. டாக்டர் வருவதற்குள் கர்ப்பப்பை இறுகி, ரத்தம் நின்றுவிட்டது. அந்தத் தாய்க்கு ஏதோ மயக்கமாக வந்தது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. காலையில் எங்கள் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தாள்.

இப்போதெல்லாம் ரத்தம் போகும்வரை காத்திருப்பதில்லை. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் ஆக்ஸிடோசின் 10 யூனிட் போட்டுவிடுகிறார்கள். கொடியைப் பிறந்ததும் பிறக்காததுமாக வெட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் விட்டு வெட்டுகிறார்கள், குழந்தைக்கு ரத்தம் கூடுதலாகச் சேரும் என்பதற்காக. நாங்கள் படித்த காலத்தில் உடனே வெட்டத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் தலை நரைக்கும் வரை படித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம்.

அமெரிக்காவில் 'ப்ராக்டிகல் நர்ஸ்' என்று ஒரு படி உண்டு, பதிவு பெற்ற நர்ஸுக்கு ஒரு படி கீழே. நம் நாட்டில் அந்தப் படிக்குக் கிட்டத்தட்டச் சமமானது ஏ.என்.எம். என்கிற துணை நர்ஸ் படிப்பு. பெயரிலேயே மிட்வைஃப் இருக்கிறது. இப்போது அது இரண்டு வருடம். ப்ளஸ் டூ முடித்திருக்க வேண்டும், எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் பாதகமில்லை. முடித்துப் பதிவு செய்தால் கிராம சுகாதார நர்ஸ் வேலைக்குப் போகலாம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அங்கே கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பது, தடுப்பூசி, குடும்பநலம் என்று வேலை ஓயாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். தமிழ்நாட்டில் இப்போது வீட்டுப் பிரசவம் அநேகமாக இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். ஆகவே பிரசவம் பார்ப்பதே உங்கள் ஆசையாக இருந்தால் ஏ.என்.எம்.மோடு நிற்கக்கூடாது.

அடுத்தது ஜி.என்.எம். மூன்று வருட டிப்ளமா. முடித்தால் கவுன்சிலில் 'ஆர்.என்., ஆர்.எம்.' என்று இரட்டைப் பதிவு கிடைக்கும். ஆர்.எம். என்றால் பதிவு பெற்ற மிட்வைஃப். ஆங்கிலத்தோடு ப்ளஸ் டூவில் 40 சதவிகிதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், அறிவியல் பாடம் எடுத்தவர்களுக்கு முன்னுரிமை. வயது 17-லிருந்து 35 வரை. கடிதம் எழுதிய சகோதரிக்கு 27தானே? ப்ளஸ் டூ மார்க் இருக்கிறது. நேராக ஜி.என்.எம். சேரலாம், ஏ.என்.எம். என்ற படியில் கால் வைக்கவே அவசியமில்லை. 35 தாண்டிய சகோதரிகள் யாராவது இதைப் படித்துப் பெருமூச்சு விட வேண்டாம். ஏற்கெனவே ஏ.என்.எம். பதிவு இருப்பவர்கள் ஜி.என்.எம். சேர வயது வரம்பு இல்லை என்று இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதியில் எழுதியிருக்கிறது. கிராம மையங்களில் இருக்கும் எத்தனையோ நர்ஸம்மாக்களுக்கு இது தெரியாது.

இன்னொரு வாசகி, மகள் ப்ளஸ் டூவில் உயிரியல் படிக்கிறாள், என்ன சேர்க்கலாம் என்று கேட்டிருந்தார். மார்க் வந்தால் யோசிக்கவே வேண்டாம், பி.எஸ்ஸி. நர்ஸிங், நாலு வருடம். அதற்கும் இதே இரட்டைப் பதிவுதான், மேலே போக வழியும் அகலம்.

அதற்கும் மேலே ஒரு படி புதிதாக வந்திருக்கிறது. 2018-ல் மத்திய அரசு மிட்வைஃப் சேவைக்கென்று தனியாக வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. அதன்படி ஜி.என்.எம். அல்லது பி.எஸ்ஸி. முடித்துப் பதிவு செய்து, குறைந்தது இரண்டு வருடம் பிரசவ அறையில் வேலை பார்த்தவர்களுக்கு 18 மாதப் பயிற்சி. முடித்தவர்கள் சிக்கல் இல்லாத பிரசவத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை தாங்களே பொறுப்பேற்றுப் பார்ப்பார்கள். தெலங்கானா மாநிலம் அதற்கும் முந்தி, 2017-லேயே, ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து அரசு நர்ஸுகளுக்கு இந்த மாதிரிப் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. அரசாங்கத் திட்டத்தில் இந்தப் பயிற்சிக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே பணியில் இருக்கும் நர்ஸுகள்தான். ஆகவே அது பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

கூட்டிப் பார்த்தால் படிப்பு மூன்று, அனுபவம் இரண்டு, பயிற்சி ஒன்றரை. ஆறரை வருடம். அதிகம்தான். ஆனால் மூன்றாவது வருடக் கடைசியிலேயே நீங்கள் சட்டப்படி மிட்வைஃப். மீதி எல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டே ஏறுகிற படிகள்.

எதற்கு இப்போது அரசாங்கத்துக்கு இந்த அக்கறை என்று கேட்பீர்கள். அதே குடும்பநல ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். நாடு முழுவதற்கும் 21.5. உலக சுகாதார நிறுவனம் 1985-ல் பத்திலிருந்து பதினைந்து போதும் என்றது. சிசேரியன் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றுகிற ஆபரேஷன், அதைக் குறை சொல்பவள் அல்ல நான். ஆனால் ஏறக்குறைய இரண்டில் ஒருத்திக்குத் தேவைப்படுகிறது என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது? ஒரு டாக்டருக்கு அன்றைக்கு ஓ.பி.யில் நூறு பேர், தியேட்டரில் நாலு பேர். பிரசவ வலிக்காரியின் பக்கத்தில் பத்து மணி நேரம் உட்கார அவரால் எப்படி முடியும்? உட்காருவதற்கென்றே படித்தவள் ஒருத்தி வேண்டும். அவள்தான் மிட்வைஃப்.

அதற்காக டாக்டரே வேண்டாம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல், சிறுநீரில் புரதம், இரட்டைக் குழந்தை, குழந்தை குறுக்கே அல்லது கால் பக்கமாக இருப்பது, முன்பு சிசேரியன் ஆனவர்கள், இவர்களையெல்லாம் டாக்டர் கையில் கொடுப்பதும் மிட்வைஃபின் படிப்பில் ஒரு பாதி. 2018-ல் திருப்பூரில் வீட்டிலேயே, யூடியூப் பார்த்து பிரசவம் பார்க்கப் போய், ரத்தப்போக்கில் ஓர் இளம் தாய் இறந்தது பேப்பரில் வந்ததே, படித்தீர்கள் அல்லவா? இயற்கைப் பிரசவம் என்பது யாரும் இல்லாமல் பெற்றுக்கொள்வதல்ல. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு யாராவது அப்படி ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் வராது.

சகோதரி, உங்களுக்கு இதையொட்டி ஓர் எச்சரிக்கை. பல சின்ன நர்ஸிங் ஹோம்களில் ராத்திரி பிரசவத்தை உதவியாளர் பெண்களே பார்க்கிறார்கள், தலை தெரியும்போது டாக்டருக்குப் போன் போகிறது. ஒரு காலத்தில் நானே அப்படி ஓர் இடத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வெளியே வந்தேன். எல்லாம் நல்லபடி நடந்தால் 'கைராசிக்காரி' என்பார்கள். ஒன்று தவறினால், 'இவளை யார் பார்க்கச் சொன்னது?' என்ற கேள்வி வரும்போது, உங்கள் பக்கத்தில் நிற்க ஆளும் இருக்காது, பதிவு எண்ணும் இருக்காது. உங்கள் கடிதத்தில் ஒரு வரி, 'டாக்டர் வர்றதுக்குள்ள நானே ரெண்டு மூணு பார்த்திருக்கேன்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் வேண்டாம். வலி ஏறும்போதே டாக்டருக்குச் சொல்லுங்கள், சொன்ன நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜி.என்.எம். சேர்ந்தது 1987-ல், 26 வயதில். கையில் இரண்டு வயதுப் பையன். ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும் என்றார்கள். பையனை அம்மாவிடம் விட்டேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன், முதல் இரண்டு தடவை அவன் என்னிடம் வரவே இல்லை. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதே அந்தக் காலத்தில் பெரிய ஒத்தாசை! இப்போது காலம் மாறியிருக்கிறது. கூடுமானவரை பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் பள்ளியைப் பாருங்கள். வீட்டில் இருந்து வர அனுமதிப்பார்களா என்று சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்குக் குழந்தையை யார் பள்ளிக்கு அனுப்புவது, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று அத்தையோடும் கணவரோடும் உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள். 'பார்த்துக்கலாம்' என்று விட்டால் முதல் பரீட்சையின்போது எல்லாம் வெடிக்கும்.

பணம். தனியார் பள்ளி என்றால் மூன்று வருடத்துக்கும் மொத்தமாக எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள், சீருடை, ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து. அசல் சர்டிபிகேட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. கொடுப்பதற்கு முன் நாலு நாலு நகல் எடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். முதலில் அரசுப் பள்ளிகளுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அங்கே போட்டி அதிகம், ஆனால் செலவு சொற்பம். அரசாங்க நர்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி. என்பார்கள். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. 1947 நர்ஸிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. ஆகவே சேரும் வருடத்து அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தீர்மானியுங்கள், பக்கத்து வீட்டுப் பெண் போன வருடம் சேர்ந்த கதையை வைத்து அல்ல.

இப்போதிருந்தே செய்யக்கூடியவை சில. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ உயிரியல் புத்தகத்தை எடுத்து மனித உடல் பாடங்களை மறுபடி படியுங்கள். பாடங்கள் இங்கிலீஷில் இருக்கும், அதுதான் பாதிப் பேரைப் பயமுறுத்துவது. நீங்கள் எட்டு வருடமாக மருந்துப் பெயர்களோடு பழகியவர், உங்களுக்குப் பாதி பயம் ஏற்கெனவே போயிருக்கும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த மாதமே ஆரம்பியுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. ரத்தத்தோடு புழங்குகிறவர்களுக்கு இது முதல் கவசம். பிரசவ அறை என்றால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். காலில் நரம்பு புடைப்பவர்கள் இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அரை மணி காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். ராத்திரி டியூட்டிக்கு வெறும் டீயும் பன்னும் உதவாது. ஒரு டப்பா தயிர்சாதம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை எடுத்துப் போங்கள். தூங்காத ராத்திரியில் பசி கண்ணை மறைக்கும்.

நர்ஸாகும் எண்ணமே இல்லாத, நிறைமாதமாக இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பெயர் பதியும்போது, "ராத்திரி டியூட்டியில் பதிவு பெற்ற நர்ஸ் இருப்பாங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. வலியின்போது கூட ஒரு பெண் துணை இருக்கலாமா என்றும் கேளுங்கள். அம்மாவோ அக்காவோ கூட இருந்தால் வலிக்குப் பாதி மருந்து அதுவே.

மே 12-ம் தேதி நர்ஸுகள் தினத்துக்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் கேக் வெட்டுகிறார்கள். மே 5 உலக மிட்வைஃபுகள் தினம் என்பது அநேகம் பேருக்குத் தெரியாது. எங்கள் லேபர் வார்டில் நாங்களே கேசரி கிண்டிச் சாப்பிட்டுக்கொள்வோம்!

சேலத்துச் சகோதரி விண்ணப்பம் போடுவதற்கு முன் ப்ளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., ஜாதிச் சான்றிதழ் மூன்றின் நகலையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பள்ளி என்று எனக்கு ஒரு வரி எழுதட்டும். அங்கீகாரம் உண்டா என்று கவுன்சில் பட்டியலில் பார்த்துச் சொல்கிறேன். அடுத்த இதழில், பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியம் என்ற பெயரில் கீரையும் பழமும் தண்ணீரும் கொடுக்காமல் வாட்டுகிற பாட்டிமார்களோடு கொஞ்சம் சண்டை போடலாம் என்றிருக்கிறேன்.